கேட்டுல நின்ன வண்டி

ஆமா தண்டபாணி அண்ணாத்தே, கருங்காலியோட சவப்பெட்டிக்குத் தோள் குடுக்கத்தான் வந்து நிக்கிறேன். இன்னா இப்போ?

கத்தாதே. உள்ளே பொணம் கீது. சங்கத்துச் செயலாளர்னா சாவு வூட்டுலயும் மேடை மேல நிக்கிற மாதிரியே பேசணுமா?

கம்பெனி வண்டியை ரிப்பேர் பண்ணிக் குடுத்தவனாம் நான். டெக்னிகல் ஸ்கூல்ல படிக்கிற திமிராம். எங்க நைனாவும் அதே எண்ணெ மில்லு ஸ்டிரைக்குலதான் கீறாரு. எங்க வூட்லயும் கேவுரு கூழுதான். நான் உன்கிட்ட சர்ட்டிபிகேட் வாங்கணுமா?

நீ பேசிட்டே இல்ல? இப்போ கேளு.

நேத்துக் காலையில எண்ணூர் ரோட்டு ரயில்வே கேட்டுல அந்தப் பழைய பிக்கப்பு வண்டி நின்னுது. பட்டாளத்து ஏலத்துல மில்லுக்காரன் எடுத்தது. பின்னாடி மீஞ்சூர் பக்கத்துலேர்ந்து புடிச்சாந்த ஆளுங்க, உங்க வேலையைச் செய்ய. முன்னாடி மானேஜர். ஓட்டிக்கினு வந்தவன் ஜேக்கப்பு. உள்ளே பெட்டியில கீறானே, அவன்தான்.

கேட்டு மூடியிருந்தப்போ இன்ஜினை நிறுத்திட்டு, பானட்டைத் தொறந்து ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தினான். ரயிலு போச்சு. கேட்டு தொறந்துச்சு. வண்டி கிளம்பலை.

நான் சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போய்க்கினு இருந்தேன். நின்னேன். அது கிளம்பிடக் கூடாதேன்னுதான் நின்னேன்.

மானேஜருக்கு அப்பவே சந்தேகம். எதையோ கழட்டி ஒளிச்சிட்டான்னு ஜேக்கப்பைப் புடிச்சுக்கினாரு. ஜோபியை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னாரு. தொப்பியைத் தட்டிப் பாத்தாரு. சீட்டைத் தூக்கிப் பாத்தாரு. ஒண்ணும் கிடைக்கலை. அத்தினி பேர் முன்னாடி நாயைப் பேசற மாதிரி பேசினாரு. ஜேக்கப்பு ஒரு வார்த்தை திருப்பிப் பேசலை.

அப்பால என் காக்கிச் சட்டையைப் பாத்துட்டு, நீ பாரு தம்பின்னு கூப்பிட்டாரு.

பாத்தேன். ஆரன் அடிச்சுது. லைட்டு பளிச்சுனு எரிஞ்சுது. அப்போ பேட்டரியில கோளாறு இல்லை. பெட்ரோலும் வருது. பிளக்கு ஒயரைக் கழட்டி இரும்புகிட்ட புடிச்சுக்கினு, ஹேண்டில் போட்டுச் சுத்தச் சொன்னேன். பொறி வரலை.

டெல்கோ மூடியைத் தொறந்தேன். பிளக்குங்களுக்கு ஒண்ணொண்ணா கரெண்ட்டைப் பிரிச்சுக் குடுக்கிற இடம் அது. நடுவுல ரோட்டார்னு ஒரு கறுப்புத் துண்டு சுத்தணும். கட்டைவிரல் நுனி அளவுதான். மேல ஒரு பித்தளைத் தகடு.

அது இல்லை.

தானா கழண்டு விழற சாமான் இல்லை அது. சண்டைக்காலத்துல, எதிரி கையில வண்டி சிக்கக் கூடாதுன்னா பட்டாளத்து டிரைவருங்க அதைத்தான் உருவிக்கினு போவாங்களாம். ஜேக்கப்புகிட்டதான் ஒண்ணும் இல்லையே. பானட்டு தொறந்திருந்தப்போ, கேட்டுல நின்ன நம்ப ஆளு எவனோ உருவிட்டான்னு நெனச்சேன். உன் ஏற்பாடுதான்னு உன்னை மெச்சிக்கினேன் அண்ணாத்தே. வெக்கக்கேடு.

மூடியை மூடிட்டு, காயிலு கருகிப் போச்சு, மவுண்ட்ரோடு போய்த்தான் வாங்கியாரணும்னு மானேஜர்கிட்ட புளுகினேன். நான் பண்ண ரிப்பேரு இதுதான்.

அதுக்குள்ள நீ கூட்டத்தோட வந்தே. வெளியூர் ஆளுங்க உப்பளத்துப் பக்கம் ஓடிட்டாங்க. மானேஜர் கேட்டுக்காரன் ரூமுக்குள்ள பூந்துக்கினு ஜன்னல் வழியா பாத்துக்கினு நின்னாரு. ஜேக்கப்பு மட்டும் ஓடலை. உங்களைப் பாத்துக் கையைக் கூடத் தூக்கினான்.

ஜேக்கப்பைப் பாத்து எவ்ளோ துட்டு வாங்கினேன்னு கேட்டே. பேசலை. நீ யாரு கட்சின்னு கேட்டே. ஜன்னலைப் பாத்தான், உன்னைப் பாத்தான், தலையை ஆட்டினான். நீ அதைத் திமிருன்னு எடுத்துக்கினே.

"கேக்கறேன் இல்ல? வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருக்கே?"

கேட்டுட்டுத் தாடையில வுட்டே. அப்பால ஆளாளுக்கு. குறுக்கே பூந்த எனக்கும் வுழுந்துச்சு. அடி வாங்கறவன் தலையைத்தான் மறைப்பான். அவன் ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கினான். அப்பால தொண்டையைப் புடிச்சுக்கினான். மூச்சுக்குத் தவிக்கிறவனைப் பாத்து, நடிக்கிறான்னு சொன்னே.

ஜட்கா புடிச்சு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டு போனேன். போய்ச் சேர்றப்போ உசுரு இல்லை.

கருங்காலி பெட்டியை எவனும் தொடக் கூடாதுன்னு தெருத்தெருவா சொல்லி வச்சுட்டே. சிலுவையம்மா, அவன் பொஞ்சாதி, விடிஞ்சதுலேர்ந்து வாசலையே பாத்துக்கினு கீறாங்க. பெட்டியைத் தூக்க ஆளு இல்லை. கூடப் பொறந்த தம்பி கூட எட்டிப் பாக்கலை.

சித்த முன்னாடிதான் ஒரு காயிதப் பொட்டலத்தை என்கிட்ட பிரிச்சுக் காட்டினாங்க.

"டாக்டர் இடுக்கியால எடுத்துக் குடுத்தாரு தம்பி. இதுதான் தொண்டையில மாட்டிக்கினு இருந்துச்சாம். பல்லு மாதிரியும் இல்லை. இன்னா இது?"

அதே கறுப்புத் துண்டு. மேல பித்தளைத் தகடு.

மானேஜர் கண்ணு முன்னாடி வாயைத் தொறந்திருந்தா வண்டி கிளம்பியிருக்கும், அவன் ஜெயிலுக்குப் போயிருப்பான், உன் ஸ்டிரைக்கும் உடைஞ்சிருக்கும். இதை நான் எந்த வாயால அந்தம்மாகிட்ட சொல்லுவேன்?

தோ, அவங்களே வெளியே வந்துட்டாங்க. கையில அந்தப் பொட்டலம் கீது. தெருவே நிக்குது.

மைக்கு இல்லாமலே ஊருக்குக் கேக்கறாப்புல பேசறவனாச்சே நீ. பேசு அண்ணாத்தே. அது இன்னான்னு எல்லார் முன்னாடியும் நீயே அவங்களுக்குச் சொல்லு.