பயறளவு

"அக்கா, முகத்துக்கு என்ன பூசிறனீங்கள்?"

தோளில் துவக்குத் தொங்கிய இயக்கப் பெண் கேட்டாள். பதினெட்டு வயது இருக்கலாம். வெயிலில் காய்ந்து அவளுடைய கன்னத்தில் தோல் உரிந்திருந்தது. என் கிறீம் போத்தல் அவள் கையில் இருந்தது.

அதற்குள் என் உம்மாவின் நகை இருந்தது.

முஸ்லிம்கள் எல்லாரும் இரண்டு நாளுக்குள் மன்னார்த் தீவை விட்டுப் போய்விட வேண்டும் என்று இயக்கத்துக்காரர் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். நகை, பணம் எதுவும் கொண்டுபோகக் கூடாது. கரையில் வள்ளங்கள் காத்து நின்றன. ஆண்களை ஒரு பக்கமும், பெண்களைச் சாக்கு மறைப்புக்குப் பின்னாலும் சோதித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வாப்பா அந்தப் பக்கம். நானும் எனக்கு மூத்தவளான ராத்தாவும் அவளுடைய ஏழு மாதப் பிள்ளையும் இந்தப் பக்கம்.

உம்மா மவுத்தாகும்போது ஒரு சங்கிலியையும் நாலு மோதிரங்களையும் என் கலியாணத்துக்கென்று விட்டுப்போனார். இனிக் கலியாணம் யாருக்கு வேண்டும்? அக்கரையில் நாங்கள் உயிரோடு இருப்பதற்கு அது ஒன்றுதான் மிச்சம். அன்று காலை அதைக் கிறீமுக்குள் புதைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் மேலே தடவிச் சமப்படுத்தினேன். ராத்தாவிடம் மூச்சும் விடவில்லை. அவளுக்கு ஒன்று தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

எப்போதும் கண்ணாடி முன்னால் நிற்பதால் என்னைக் கண்ணாடிக்காரி என்று ஊர் கேலி செய்யும். சோறு தின்னாமல் இருந்தாலும் இருப்பாள், கிறீம் பூசாமல் இருக்க மாட்டாள் என்பார்கள். அப்படிப்பட்டவள் கிறீம் போத்தலோடு போவதில் யாருக்குச் சந்தேகம் வரும்? அந்தக் கேலி இன்றைக்காவது உதவட்டும் என்று நினைத்தேன்.

அவள் மூடியைத் திறந்து விரலை வைத்தாள்.

"கனக்க எடுக்கக் கூடாது தங்கச்சி. பயறளவு காணும்," என்றேன்.

விரல் நின்றது.

நான் மூச்சு விடாமல் பேசினேன். காலையில் பயற்றம் மாவால் முகம் கழுவ வேண்டும், சவர்க்காரம் ஆகாது. ஈரம் காயுமுன் பயறளவு கிறீம். உச்சி வெயிலில் தலையை மூடாமல் நிற்கக் கூடாது. படுக்குமுன் இன்னொரு முறை கழுவி, இன்னொரு பயறளவு. அவ்வளவுதான், ஆனால் ஒரு நாளும் விடக் கூடாது.

எங்களை ஊரை விட்டுத் துரத்துகிறவளுக்கு அழகுக் குறிப்புச் சொல்லிக்கொண்டு நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அவள் பயறளவு எடுத்து உரிந்த கன்னத்தில் பூசினாள். ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. இரக்கப்பட்டதற்காக என்மேலேயே எரிச்சலும் வந்தது.

பிறகு எங்கள் பையைக் கவிழ்த்தாள். உடுப்புகளோடு பிள்ளையின் பால்மாத் தகரப் பேணியும் விழுந்தது. போன மாதக் காய்ச்சலில் ராத்தாவுக்குப் பால் வற்றிவிட்டது. அந்தப் பேணிதான் பிள்ளைக்குச் சாப்பாடு.

"உடுப்பைத் தவிர ஒண்டும் விடக் கூடாதெண்டு சொன்னவை," என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்கள் நல்லாக் கதைச்சனீங்கள். ஒண்டே ஒண்டை விடுறன். கிறீமோ, பால்மாவோ?"

ராத்தா பதறிப்போனாள். "பால்மாவை எடு நசீறா! அல்லாவுக்காக, பால்மாவை எடு!"

பெற்றவள் வேறு என்ன சொல்வாள்?

கிறீம் அக்கரை போய்ச் சேர்ந்தால், ஒரு மோதிரத்தை விற்று எத்தனை பேணியும் வாங்கலாம். ஒரு நாள் பசியில் அழுதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. இதையெல்லாம் அவள் காதில் சொல்ல அங்கே வழியில்லை.

"கிறீம்," என்றேன்.

துவக்குப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிநேகம் போய்விட்டது.

"பிள்ளையின்ர பாலைவிட இவவுக்குத் தன்ர முகம் பெரிசாம்," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

வரிசையில் நின்ற எங்கள் பக்கத்து வீட்டுக்காரி என் காலடியில் காறித் துப்பினாள். ராத்தா மண்ணில் விழுந்து பேணியை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். இரண்டு பேர் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதைப் பறித்தார்கள். பறித்த சாமான்களின் குவியலில் அது போய் விழுந்தது.

வள்ளத்தில் ராத்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் போகட்டும், கொஞ்ச நேரத்தில் கட்டிப்பிடித்து அழுவாள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

கரை மறைந்ததும் போத்தலைத் திறந்து அவள் மடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"அழாதீங்க ராத்தா. இதுக்குள்ள பாருங்க," என்று விரலை அடிவரை விட்டேன்.

விரலில் கண்ணாடிதான் பட்டது.

துழாவினேன். மறுபடியும் கண்ணாடி.

ராத்தா கடலைப் பார்த்தபடி சொன்னாள். "நீ ஒளிச்சதைக் கண்டனான். நீ குளிக்கப் போன நேரம் எடுத்திட்டன். கிறீமெண்டாத் திறந்து பாப்பாங்க, பிள்ளைட பாலை ஆரும் தொட மாட்டாங்க எண்டு பால்மாப் பேணிக்குள்ள போட்டனான்."

பிள்ளை பசியில் வீறிட்டது. உப்புக் காற்றுப் பட்டு அதன் கன்னம் சிவந்திருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், பயறளவு எடுத்து அதில் பூசிவிட்டேன்.

பிள்ளை என் விரலைப் பிடித்து வாய்க்குள் வைத்துச் சப்பத் தொடங்கியது.