களிமண் கடிகாரங்கள்

பலகையில் இருந்த மண் வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டான் காவல்காரன் சாம்ராஜ். வட்டமாக, நடுவே குழி விழுந்து, சுட்டு இறுகிய வில்லைகள்.

"தங்கத்த உருக்கி ஊத்துற அச்சு இல்லாம வேற இன்னாய்யா இது?"

வீடு தாமோதரனுடையது. சுரங்கக் கூலிகள் குடியிருக்கும் மாரிகுப்பம் லைனில் யார் வீட்டில் அச்சு அகப்பட்டாலும் ஜெயில்தான். தங்கம் அகப்பட வேண்டும் என்றுகூட இல்லை.

வாசலில் தங்கச் சுரங்கத்தின் காப்டன் ஹரோல்ட் துரை நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனவரை வழியில் மடக்கிக் கூட்டி வந்திருந்தான் சாம்ராஜ்.

துரைக்குக் கடிகாரப் பைத்தியம். ராணி பட்டம் ஏறி அறுபது வருஷம் ஆனதற்கு, எங்கோ பாலம் திறந்ததற்கு, துப்பாக்கி சுடும் போட்டிக்கு என்று ஞாபகார்த்தமாக ஸ்விஸ் தேசத்தில் செய்த பாக்கெட் கடிகாரங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பார். தினம் ஒன்று போட்டுக்கொண்டு வருவார். சுரங்கத்துக்குள் தண்ணீர் சொட்டும். அதனால் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குமுன் அதைச் சுரங்கக் குழியின் ஷாஃப்ட் வாயில் நிற்கும் தாமோதரனிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

துரை தூங்கும்போது அவரிடம் இருக்கிறது, நான் முழித்திருக்கும்போது என்னிடம் இருக்கிறது, இதில் யார் சொந்தக்காரன் என்று மனைவி கங்கம்மாவிடம் பீற்றிக்கொள்வான் தாமோதரன்.

இறங்குபவர்கள் தொப்பியில் மெழுகுவத்தி ஒட்டுவதற்காக ஷாஃப்ட் வாயில் எப்போதும் பிசைந்த களிமண் இருக்கும். கடிகார மூடியில் விளக்கெண்ணெய் தடவிக் களிமண்ணில் ஓர் அழுத்து. ராணியின் மூக்கு முதல் பாலத்தின் கடைசித் தூண் வரை மண்ணில் பதிந்துவிடும். வீட்டு அடுப்பில் அதைச் சுட்டு எடுப்பாள் கங்கம்மா. ராணிக்கு மட்டும் வெள்ளிக்கிழமை குங்குமம் வைப்பாள்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஜெயில். எது தேவலை என்று அவன் முடிவு செய்வதற்குள் துரை குனிந்து உள்ளே வந்துவிட்டார்.

ஒரு வில்லையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். கடிகாரத்திலெல்லாம் விளக்கெண்ணெய் வாடை அடிக்கிறதென்று தன் சமையல்காரனை அவர் திட்டாத நாளில்லை.

பிறகு, சர்ச்சுக்கு உடுத்திய வெள்ளைக் கால்சட்டையோடு மண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

வில்லைகளை வரிசையாக வைத்தார். திருப்தியில்லை. ராணியை முன்னே தள்ளினார், பாலத்தைப் பின்னே இழுத்தார். சாம்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கையைக் காட்டி அடக்கினார். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை என்று முதலில் கண்டுகொண்டவள் கங்கம்மாதான்.

வரிசையின் நடுவே ஒரு வில்லை அளவுக்கு இடம் விட்டார் துரை.

கோட்டுப் பையிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்தார். சுரங்கத்துக்கு ஒரு நாளும் கொண்டு வராத கடிகாரம். அதன் மூடியில், மலையைக் குடைந்துகொண்டு ஒரு ரயில் வெளியே வந்துகொண்டிருந்தது.

"ஈர மண்ணு கீதா?" என்று கேட்டார்.