ஒரே நிற மாத்திரை

ஒரே பஞ்சாலையில் உழைத்த கணவருக்கும் மனைவிக்கும் ஒரே நுரையீரல் நோய். புது மருந்துச் சோதனையில் இருவரையும் சேர்த்த அன்றே நர்ஸ் சொல்லியிருந்தாள்:

“நிஜ மருந்தும் வரலாம், வெறும் மாவு மாத்திரையும் வரலாம். யாருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாது.”

ஆறாவது மாதம் கணவர் போய்ச் சேர்ந்தார். இன்றுதான் விவர உறையைப் பிரித்தார்கள்.

“உங்களுக்கு வந்ததுதாம்மா நிஜ மருந்து. அவருக்கு வந்தது மாவு.”

மனைவி அழவில்லை.

“நான் நினைச்சது சரிதான். முதல் வாரமே எனக்கு இருமல் குறைஞ்சுது. அப்புறம் தினமும் ரெண்டு தட்டுல மாத்திரை எடுத்து வைக்கும்போது, என்னோடதை அவர் தட்டுலயும் அவரோடதை என் தட்டுலயும் வெச்சிடுவேன். நல்ல மருந்து சாப்பிட்டுத்தான் போனார். அந்த அளவுக்கு மனசு ஆறுது. சொல்லாம செஞ்சது தப்பா நர்ஸம்மா?”

“தப்பே இல்லம்மா” என்ற நர்ஸ், ஃபைலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இறப்பதற்கு முந்தின வாரம், இதே வார்டில், கணவர் நர்ஸிடம் மெதுவாகச் சொல்லியிருந்தார்:

“அவ தண்ணி எடுக்க உள்ளே போற நேரத்துல, ரெண்டாவது வாரத்துலேர்ந்து தினமும் தட்டை மாத்தி வெச்சிடுவேன் சிஸ்டர். ஒருவேளை என்னோடது நல்ல மருந்தா இருந்தா, அவளுக்குப் போகட்டும். அவகிட்ட சொல்லிடாதீங்க.”