காய்ச்சல்காரன் சொன்னது

"ஒரு மதகுகூடத் திறக்க வேண்டியதில்லை மேடம்! அணையில இன்னும் நாலடி இடம் இருக்கு. மழையும் விட்டுடுச்சு!"

அணைப் பொறியாளர் ஃபோனில் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. நாலு நாள் தூங்காத குரல்.

வானிலை அலுவலகத்தில் அப்படி ஒரு கூச்சலை நான் கேட்டதே இல்லை. வரைபடம் போடுகிறவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். மூன்று மாதமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத கணினிப் பிரிவுக்காரர், என் மேசையில் ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை தூக்கல். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஜெயித்துவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் இதே அறையில் என்னைப் பைத்தியம் என்று வாய்விட்டுச் சொல்லாததுதான் குறை.

தூரத்துப் பெருங்கடல் அப்போது சூடேறிக் கிடந்தது. அது சூடானால் நமக்குப் பருவமழை பொய்க்கும் என்பது எங்கள் வாட்ச்மேனுக்கே தெரியும். இந்த வருடம் வறட்சி, அணையில் ஒரு சொட்டு விடாமல் பிடித்து வையுங்கள் என்று அறிக்கை தயாராகிவிட்டது. என் கையெழுத்து மட்டும் பாக்கி.

நான் போடவில்லை. காரணம் காய்ச்சல்காரன்.

நம் பக்கத்துக் கடலின் மேற்குக் கோடியில் ஒரு மிதவை இருக்கிறது. தண்ணீரின் சூட்டை அளந்து எங்களுக்கு அனுப்புவது அதன் வேலை. சில வருடங்களில் திடீரென்று அளவு எகிறும். அதனால் அந்தப் பெயர். "காய்ச்சல்காரனுக்கு இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டுச் சிரிப்பது எங்கள் காலை வழக்கம்.

வழக்கத்தைவிட இரண்டு டிகிரி தாண்டினால் கருவி கோளாறு என்று கணினியே அந்த அளவைத் தள்ளிவிடும். அப்படி ஒரு விதி அதற்குள் இருந்தது. தள்ளியதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த முறை நான் பார்த்தேன்; நாள் தவறாமல் இரண்டு டிகிரிக்கு மேல்.

ஆனால் நம் கடலின் மேற்குப் பாதி நிஜமாகவே சூடாகி, கிழக்குப் பாதி குளிர்ந்துவிட்டால் கதையே வேறு. காற்று ஈரத்தை மூட்டை கட்டி நம் பக்கம் கொண்டுவந்து கொட்டும். தூரத்துக் கடல் என்னதான் முறைத்தாலும் மழை வந்தே தீரும்.

அந்த வழியாகப் போகும் சரக்குக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு வாளியைக் கடலில் இறக்கி, தண்ணீரை மொண்டு, தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்று. மூன்று கப்பல்கள் மெனக்கெட்டுச் செய்தன. மூன்று வாளிகளும் காய்ச்சல்காரன் பக்கமே பேசின.

"இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் இருக்கு, நீ என்னை வாளியை நம்பச் சொல்றியாம்மா?" என்றார் இயக்குநர். நல்ல மனிதர். முணுமுணுத்துக்கொண்டே நம்பினார்.

அணையைப் பாதிக்கு மேல் காலி செய்யச் சொல்லி எழுதினோம். மழை வராமல் போயிருந்தால் நகரமே குடிக்கத் தண்ணீரில்லாமல் தவித்திருக்கும். என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

வந்தது. நாலு நாள் பேய்மழை. அத்தனையையும் வாங்கிக்கொண்டு அணை சும்மா நிற்கிறது.

டீயை ஒரு வாய் குடிப்பதற்குள் என் ஃபோன் அடித்தது. என் தங்கை. அணைக்குக் கீழே, ஆற்றோரத் தெருவில் தையல் கடையும் வீடுமாக இருப்பவள்.

ஏழு வருடத்துக்கு முன்பும் வறட்சி என்றுதான் சொன்னோம். அணையைத் ததும்பத் ததும்ப வைத்திருந்தார்கள். மழை கொட்டியதும் எல்லா மதகுகளையும் ஒரேயடியாகத் திறக்கவேண்டி வந்தது. அவள் வீட்டில் மார்பளவு தண்ணீர். இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடியில் ஒரு பகலும் ஓர் இரவும் நின்றாள். தையல் மெஷின்கள் நாலும் போயின. அதன் பிறகு அவள்தான் என் வீட்டுக்கு வருவாள். எனக்கு எப்போதும் வேலை.

ஸ்பீக்கரில் போட்டேன். எல்லோரும் கேட்கட்டும் என்ற திமிர்தான்.

"அக்கா, தெருவுல பெஞ்ச மழைத் தண்ணிதான், மூணாவது படியோட நின்னுடுச்சு! நீ சொன்னியேன்னு மெஷினையெல்லாம் மாடிக்கு ஏத்தி இடுப்பு போனதுதான் மிச்சம்!"

அறையே சிரித்தது. இயக்குநருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏழு வருஷம் முன்னாடியும் காய்ச்சல்காரன் கத்தியிருக்கான்மா. பழைய பதிவை எடுத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் தள்ளிட்டுது. அந்த விதியை எந்தப் புண்ணியவான் எழுதினான்னு கண்டுபிடி, அவனைப் பிடிச்சு ரெண்டு கேள்வி கேக்கணும்."

கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. மிதவை புதிதாக வந்த வருடம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதிய இரண்டே வரி அது.

"நான்தான் சார்," என்றேன்.

ஃபோன் இன்னும் ஸ்பீக்கரில் இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதிலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"அதான் ஏழு வருஷமா என் வீட்டுப் படி ஏறலையா?"

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஃபோனைக் காதில் வைத்தேன்.

"அதை இப்ப அழிச்சாச்சா?"

"அழிச்சுட்டேன்."

"அப்ப சாயங்காலம் வா. மெஷினைக் கீழ இறக்க ஆள் வேணும்."