அண்ணி வர்றாங்களாம்

“உங்க அக்கா வர்றாங்களாம். இன்னும் ஒரு மணி நேரத்துல.”

துவைத்து மடிக்காமல் கிடந்த துணிக்குவியலின் மேல் போனைப் பொத்தென்று போட்டாள் மனைவி. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சோபாவில் காலை நீட்டி, வயிற்றின் மேல் சிப்ஸ் பொட்டலத்தை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையை அனுபவித்துக்கொண்டிருந்த நம்மாள் நிமிர்ந்த வேகத்தில் சிப்ஸ் தரையில் சிதறியது.

காரணம் இருக்கிறது. போன தடவை வந்தபோது அக்கா அந்த சோபாவில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள், அடியிலிருந்து ஒரு சீப்பையும் பாதி தின்ற ஆப்பிளையும் எடுத்து மேசையில் வைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். அடுத்து வந்த கல்யாணத்தில் மைக் பிடிக்காத குறையாகச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டு, தம்பியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அடுத்த தடவையும் இப்படியே இருந்துச்சுன்னா, ஒரு மாசம் வந்து தங்கி நானே எல்லாத்தையும் சரி பண்ணிட்டுத்தான் போவேன்.”

ஒரு மாதம். விடியும் முன்பே எழுப்பிவிடுவாள். டிவி ரிமோட் அவள் கைக்குப் போய்விடும். சின்ன வயதில் காதைத் திருகியவள் இந்த வயதில் திருக மாட்டாள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

நம்மாள் துள்ளி எழுந்து போனில் தேடினான். வீட்டை நொடியில் சுத்தமாக்கச் சுலபமான வழிகள் வரிசையாக வந்து விழுந்தன. முதல் வழி, பதற்றப்படாதீர்கள் என்றது. அதைத் தாண்டி இரண்டாவதுக்குப் போனான். எல்லாவற்றையும் பீரோவுக்குள் திணித்துக் கதவைச் சாத்துவது சுத்தம் ஆகாது என்று அது கண்டிப்பாகச் சொன்னது. அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். தவிர, அக்கா பீரோவையும் திறந்து பார்க்கிற ரகம்.

மகனையும் மகளையும் கட்டிலிலிருந்து கிளப்பினான். அத்தை ஒரு மாதம் தங்கினால் போன் யார் கையில் இருக்கும் என்று கேட்டான். இரண்டும் துடைப்பத்தைத் தேடி ஓடின.

மேலிருந்து கீழே வர வேண்டுமாம். பழைய தலையணை உறையை ஃபேன் இறக்கையில் மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடுமாம். மகன் இழுத்தான். பாதி உறைக்குள் விழுந்தது, மீதி அவன் தலையில் விழுந்தது. மகள் கையில் பழைய சாக்ஸை மாட்டிக்கொண்டு ஜன்னல் கம்பிகளைத் தடவிக்கொண்டே போனாள். பாத்ரூம் குழாயில் எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்த நம்மாள், குழாய் வெள்ளி நிறம் என்பதையே அன்றைக்குத்தான் கண்டுபிடித்தான்.

டிவி மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. அந்தத் தம்பதிக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது.

மனைவி மட்டும் துரும்பைக்கூட நகர்த்தவில்லை. “சுத்தமா இருந்தா தம்பி சமத்து, அழுக்கா இருந்தா நான் சரியில்ல. நான் எதுக்குக் குனியணும்?” என்று ஒரே போடாகப் போட்டாள். எப்போதும் போல நாலு பேருக்கு அரிசியைக் களைந்து குக்கரில் வைத்துவிட்டு, வாரப் பத்திரிகையும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் மேல் அவளுக்கு இருந்த கோபம் நியாயம்தான் என்று பட்டதால் நம்மாள் தரைத்துணியை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

தரையைத் துடைக்கும்போது அக்கா வீட்டுத் தரை ஞாபகத்துக்கு வந்தது. அங்கே குனிந்தால் முகம் தெரியும். அத்தானும் இரண்டு பையன்களும் எப்படித்தான் அப்படி வைத்திருக்கிறார்களோ. ஒருமுறை கேட்டதற்கு அத்தான் பெருமூச்சு விட்டு, “எல்லாம் உன் வீட்டம்மா மேல இருக்கற பயம்தான்” என்றார். அத்தானுக்கு எப்போதுமே கிண்டல் கொஞ்சம் ஜாஸ்தி.

ஒரு வழியாக வேலை முடிந்தது. வீடு பளபளவென்று, அவர்களுக்கே அடையாளம் தெரியாமல் இருந்தது. சோபா விரிப்பு கசங்கிவிடும் என்று மூன்று பேரும் உட்காராமல் நின்றுகொண்டே காத்திருந்தார்கள்.

போன் அடித்தது. அக்காதான். கிளம்பும் நேரத்தில் தலைவலி வந்துவிட்டதாம், இன்னொரு நாள் வருகிறாளாம்.

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே, இவ்வளவு பாடுபட்டும் பார்க்க ஆளில்லையே என்று மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது. பாத்ரூம் குழாயையாவது பார்க்கட்டும் என்று அதை போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பிவைத்தான். பிறகு மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். சாய்ந்த வேகத்தில் குறட்டை கேட்டது.

மனைவி எழுந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். அலமாரியின் மேல் விரலால் இழுத்து, விரலைத் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் வெடித்த எள்ளும் கொள்ளும் போன இடம் தெரியவில்லை. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“அண்ணி, ஜன்னல் கம்பி வரைக்கும் தொடச்சாச்சு.”

“குழாய் போட்டோ பார்த்தேன்” என்று மறுமுனையில் நாத்தனார் கிசுகிசுத்தாள். அவளுக்குப் பின்னால் கிரிக்கெட் வர்ணனை சத்தமாகக் கேட்டது.

“சரி, இப்ப நீ வர்றேன்னு எங்க வீட்டுக்குப் போன் பண்ணு, இவரும் பசங்களும் மூணு பேரும் சோபாவுலயே கெடக்கறாங்க.”