வாய் திறந்த இடது அக்குள்

இசக்கியம்மாள் என்ற ஒருத்திக்கு, எல்லாரையும்போல, இரண்டு அக்குள்கள். பதினோரு வருஷமாக இரண்டுக்கும் ரோல்-ஆன் பூசி, வேர்வை எட்டிப் பார்க்காமல் அடைத்து வைத்திருந்தாள். இந்தச் சித்திரையில், வேர்வையைத் தடுக்காத இயற்கை டியோடரன்ட் ஒரு டப்பா வாங்கினாள். எதற்கும் இருக்கட்டும் என்று இடதுக்கு மட்டும் தடவிப் பார்த்தாள்.

மூன்றாம் நாளே இடது நாற ஆரம்பித்தது. நாலாம் நாள், பஸ்ஸில் அவள் இரண்டு கையையும் தூக்கிக் கம்பியைப் பிடித்ததும், பக்கத்தில் நின்ற அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஏட்டி, மானத்தைக் கப்பலேத்தாத!” என்றது வலது. அது பவுடர் போட்ட மாதிரி உலர்ந்திருந்தது. “நாளைக்கே பழைய ரோல்-ஆனுக்குத் திரும்பிரு.”

“மாட்டேன்,” என்றது இடது. “பதினோரு வருஷம் என் வாயைக் கட்டிப் போட்டாச்சு. இப்பதான் அவுத்துவிட்டிருக்கு. முதல்ல கொஞ்ச நாள் கத்தத்தான் செய்வேன். மூக்கு இருக்கவங்க தள்ளி நிக்கட்டும்.”

பஸ் வேகமெடுத்தது. ஜன்னல் காற்று தொளதொளத்த சட்டையின் இரண்டு கைகளுக்குள்ளும் புகுந்தது. நனைந்து கிடந்த இடது அப்படியே சிலிர்த்தது.

“என்னட்டி ஆச்சு?”

“காத்துட்டி. என்னமாக் குளுருது!”

“எனக்கும்தான் காத்து வருது,” என்றது வலது. “குளுரக் காணுமே.”

இடது இன்னும் கொஞ்சம் வேர்த்தது.

மறுநாள் காலையில் இசக்கியம்மாள் ரோல்-ஆனை வலதுபக்கம் கொண்டுபோனாள். வலது, விலாவோடு இறுக ஒட்டிக்கொண்டு, வழிவிடவில்லை.