கடைசிப் பாட்டில் இரண்டு குரல்

முருகையாவும் சிவானந்தமும் மலேசியாவின் கோலசிலாங்கூர் ரப்பர் தோட்டங்களில் கிட்டாரும் உறுமியுமாக, நாட்டுப்பாடல்களை ராக் பாணியில் பாடிவந்த ஜோடி. 1981இல் ஒரு கச்சேரியின் நடுவே மேடையிலேயே சண்டை மூண்டது. முருகையா கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். கடைசிப் பாட்டை சிவானந்தம் தனியாகப் பாடி முடித்தார். பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. நான்கு வருடத்தில் சிவானந்தம் மஞ்சள் காமாலையில் இறந்தார். முருகையா சாவுக்கும் போகவில்லை.

அந்தக் கச்சேரியைப் பதிவு செய்திருந்த தோட்டத்து ஆபீஸ் கிராணி, சிவானந்தம் இறந்து பத்து வருடம் கழித்து கேசட்டை முருகையாவிடம் கொடுத்தார். அதைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. ரவாங் டவுனில் ஒரு கேசட் கடையில் பிரதி எடுத்து, சிவானந்தத்தின் மனைவி புஷ்பவள்ளிக்கு அனுப்பினார்.

அடுத்த வாரம் செரண்டா சந்தையில் புஷ்பவள்ளி அவரைப் பார்த்தாள்.

"கடைசிப் பாட்டு ரெண்டு பேரும் நல்லா சேர்ந்து பாடியிருக்கீங்கண்ணே. நீங்க பாதியில போயிட்டதாத்தானே அவரு சொல்லிக்கிட்டிருந்தாரு."

"போயிட்டேன்தாம்மா."

வீட்டுக்கு வந்து முதல் தடவையாகக் கேசட்டைப் போட்டார். கடைசிப் பாட்டில் அவர் குரல் கேட்டது. அது அன்றைய இளங்குரல் அல்ல; இந்த இரண்டு வருடமாகக் கரகரத்துப்போன குரல். சரணத்துக்கு முன்னால் பாட்டு ஒரு கணம் நின்றது. சிவானந்தம் மைக்கை விட்டு விலகி, தாழ்ந்த குரலில் பேசுவது பதிவாகியிருந்தது.

"வர்றதுக்கு இவ்ளோ நேரமா லா? சரி, பாடு."